பாக்கெட்டிலிருந்து இறங்கியவர்

ஏலக்காய்ப் பறிப்பு தொடங்கி, மலைக்கு ஜீப்புகள் ஒன்றன் பின் ஒன்றாக ஏறிக்கொண்டிருந்த ஒரு காலையில், சிகரெட் பாக்கெட்டின் மேல் பல வருஷங்களாகத் தொண்டைப் புண்ணோடு உலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஆள், தேனியிலிருந்து வரும் முதல் பேருந்தில் வந்து புளியங்கணவாயில் இறங்கினார். கண்டக்டர் அவரிடம் டிக்கெட் கேட்கவில்லை. தினமும் என் சட்டைப்பையிலேயே வருகிற ஆளிடம் என்னவென்று கேட்பது என்று பிற்பாடு எல்லோரிடமும் சொன்னார். அதே நேரத்தில் ஊரிலிருந்த பாக்கெட்டுகள் எல்லாவற்றிலும், கடை அலமாரிகளில் அடுக்கியிருந்தவற்றிலும், ஜீப்புகளின் கண்ணாடியோரம் கிடந்தவற்றிலும், சட்டையோடு சேர்த்துத் துவைக்கப்பட்டுக் கொடியில் சொட்டிக்கொண்டிருந்தவற்றிலும், அவர் இருந்த இடம் மட்டும் வெள்ளையாகிப் போயிருந்தது. கீழே இருந்த எழுத்துகள் அப்படியே இருந்தன.

யாரும் அலறவில்லை. தெரியாத முகமாக இருந்தால்தானே அலறுவதற்கு? கட்டின பெண்டாட்டியின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அந்த ஊர் ஆண்கள் பலரும் காலையில் பார்த்த முகம் அது. டீக்கடை சாகுல் கையில் இருந்த கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "வாங்க, இப்பத்தான் வர்றீங்களா" என்றார், வெளியூரிலிருந்து வந்த மாமனைக் கேட்பதுபோல. வந்தவர் தலையை மட்டும் அசைத்தார். படத்தில் அவருக்கு மார்புக்கு மேலேதான் உடம்பு இருந்தது என்பதால், மார்புக்குக் கீழே எல்லாமே புத்தம் புதிதாக இருந்தது. வேட்டி மடிப்புக் கலையாமல் இருந்தது. பாதங்கள் மண்ணையே மிதிக்காத குழந்தையின் பாதங்களைப்போல இளஞ்சிவப்பாக இருந்தன. அந்தப் பாதங்களால் சரளைக்கல் ரோட்டைக் கூசிக் கூசிக் கடந்து, எதிரே இருந்த ஈஸ்வரியின் பெட்டிக்கடைக்கு முன்னால் போய் நின்றார்.

ஈஸ்வரி அப்போது வெங்காயம் நிறுத்துக்கொண்டிருந்தாள். அந்த ஊரில் அவரை அதிகமாக விற்றவள் அவள்தான். "இந்தப் படம் வேண்டாம்மா, வேற படம் போட்டதாக் குடு" என்று கேட்பவர்களுக்கு வேறு படம் தேடிக் கொடுத்தவளும், படத்தையே பார்க்க வேண்டாம் என்று ஒற்றைச் சிகரெட்டாக வாங்கிப் போகிறவர்களுக்கு உருவிக் கொடுத்தவளும் அவள்தான். நிமிர்ந்து பார்த்தவளுக்கு முதலில் வந்தது வெட்கம்.

"ஒக்காருங்கண்ணே" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டாள். தண்ணீர் கொடுத்தாள். அவர் மடக்கு மடக்காகக் குடித்தபோது பாதி தொண்டைப் புண்ணின் வழியாகவே கசிந்தது. துண்டை எடுத்துக் கொடுத்தபடி, "ஒங்க மொகம் தெரியாம சுவத்துப் பக்கமாத் திருப்பித்தாண்ணே அடுக்கி வைப்பேன், மனசுல வச்சுக்காதீங்க" என்றாள்.

சைக்கிள் டியூபிலிருந்து காற்று போவதுபோல ஒரு குரல் வந்தது. "முதுகுப் பக்கமும் நாந்தானம்மா இருக்கேன்."

ஈஸ்வரி சிரித்துவிட்டாள். அன்றைக்கே அவர் அவள் வீட்டு முன்கட்டில், மூட்டைகள் அடுக்கிய அறையில் தங்குவது என்று ஆனது. அவர் எல்லா வீட்டுச் சட்டையிலும் இருந்தவர் என்பதால் எல்லா வீட்டுக்கும் உரியவர், ஆகவே ஒரு வீடு மட்டும் சோறு போட்டால் மற்ற வீடுகளுக்குக் குறை என்று பெண்கள் பேசி முறை வைத்துக்கொண்டார்கள். அவரால் கஞ்சிதான் குடிக்க முடிந்தது. கஞ்சி எவ்வளவு நீர்க்க இருக்க வேண்டும் என்பதில் கீழத்தெருவுக்கும் மேலத்தெருவுக்கும் சண்டையே வந்தது. முடிதிருத்துகிற முத்தழகு புண்ணைச் சுற்றி மெதுவாகக் கத்தியை ஓட்டி அவருக்குச் சவரம் செய்துவிட்டார். கம்பெனி வேனில் வந்த ஏஜெண்டு வெள்ளையாகிப்போன பாக்கெட்டுகளை வாரிக்கொண்டு புதுச் சரக்கு இறக்கினார். ஊர் எல்லைச் செக்போஸ்ட்டைத் தாண்டி உள்ளே வந்தபோதே அவையும் வெள்ளையாகியிருந்தன. ஏஜெண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

இவ்வளவு நடந்தும் யாரும் சிகரெட்டை விட்டுவிடவில்லை. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆரம்பத்தில் மாமனாருக்கு முன்னால் மறைப்பதுபோல அவருக்கு முன்னால் மறைத்தார்கள், பஸ் நிறுத்தத்துச் சுவருக்குப் பின்னால் போய் நின்று பிடித்தார்கள். ஆனால் கண்ணுக்கு எதுவும் பழகிப்போகும் அல்லவா? பாக்கெட்டில் புதிதாக வந்தபோது பயமுறுத்திய அந்தப் படம் சில மாதங்களில் சுவர்ப் பல்லியைப்போல ஆகிப்போனது மாதிரியே, ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ஆளும் பழகிப்போனார். பறிப்புக்காலம் பாதி முடிவதற்குள் அவர் பக்கத்திலேயே நின்று பற்றவைத்தார்கள். "அண்ணே, அந்தத் தீப்பெட்டிய எடுங்க" என்று அவரிடமே கேட்டார்கள். அவரும் எடுத்துக் கொடுத்தார்.

ஈஸ்வரிக்கு மனசு விட்டுப்போனது. அவள் வீட்டுக்காரர் காசிமாயன் மலைக்கு ஜீப் ஓட்டுகிறவர். ஏலத்தோட்டத்துக்குப் போகிற பெண்களை விடியற்காலையில் ஏற்றிக்கொண்டு, மேகத்துக்குள் நுழைகிற அத்தனை கொண்டை ஊசி வளைவுகளையும் ஒரு கையால் ஒடித்துத் திருப்புகிற மனுஷர். ஆனால் கீழே வந்து ஜீப்பிலிருந்து இறங்கி வீட்டு வாசல் படியில் ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது. ராஜபாளையத்தில் கட்டிக்கொடுத்த மகள் துர்கா குழந்தையோடு வந்தபோது, தாத்தா தூக்கப் போனதும் அந்தப் பிள்ளை மூக்கைச் சுளித்துக்கொண்டு முகத்தைத் திருப்பியது. பிள்ளைக்கு என்ன தெரியும் என்று எல்லோரும் சிரித்தார்கள். காசிமாயனும் சிரித்தார். ஈஸ்வரி பிள்ளையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். ஊருக்கே விற்கிறவள் வீட்டுக்காரருக்கு மட்டும் எப்படி வேண்டாம் என்று சொல்வது? இந்த மனுஷர் வந்து வீட்டுக்குள்ளேயே இருந்தால் ஒருவேளை வீட்டுக்காரர் மாறுவார் என்று நினைத்தாள். காசிமாயனோ பின்வாசல் வழியாக வரப் பழகிக்கொண்டார்.

அப்போதுதான் மரகதம் வந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே நோயில் புருஷனைப் பறிகொடுத்தவள். ஒரு மத்தியானம் அவளுடைய முறைக்கான கஞ்சியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் நின்றாள்.

"எங்க வீட்டுக்காரர் பையில நீங்க இருந்தீங்கள்ல?"

"இருந்தேம்மா."

"அழுதோம், சண்டை போட்டோம், கோயில் கோயிலாப் போயிக் கும்புட்டோம். ஆஸ்பத்திரிக்குப் போற அன்னைக்கு வரைக்கும் குடிச்சாரு. எங்க மேல துளிகூட நெனப்பே இல்லாமலாண்ணே போனாரு?"

அவர் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். பேசுவது அவருக்கு வலிக்கும் என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் யாரும் அவரை நீளமாகப் பேச வைப்பதில்லை. அன்றைக்கு அவர் நீளமாகவே பேசினார்.

"சட்டைப்பைன்னா எங்க இருக்கு? நெஞ்சுக்கு மேல. அங்கன இருந்துக்கிட்டு நான் வேற எதக் கேப்பேன்? தெனமும் காலையில என்னைய வெளிய எடுப்பாரும்மா. என் மொகத்தப் பாப்பாரு. 'இன்னைக்கு வேணாம்'னு சொல்லுவாரு. திரும்ப உள்ள வைப்பாரு. அப்ப நெஞ்சு அடிக்கும் பாரு, தவுல் மாதிரி. பஸ்ஸு நிறுத்தம் போறதுக்குள்ள மறுபடியும் எடுப்பாரு. ஒரு நாள் விடாமச் சொன்னாரு. ஆஸ்பத்திரிக்குப் போன அன்னைக்கும் சொன்னாரு."

மரகதம் தூணைப் பிடித்துக்கொண்டாள். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லண்ணே."

"சொல்லிட்டு முடியலைன்னா ஒன் மொகத்துல எப்பிடி முழிக்கிறதுன்னு பயந்தாரும்மா."

அவள் அங்கேயே உட்கார்ந்து, இரண்டு வருஷமாக அழாமல் வைத்திருந்ததை அழுதாள். ஈஸ்வரி கடையை விட்டு இறங்கி வந்து அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். டீக்கடையில் இருந்த ஆண்கள் எல்லோரும் அதைக் கேட்டார்கள், ஒவ்வொருவருக்கும் கை தானாகவே சட்டைப்பையின் மேல் போனது.

சாகுல்தான் முதலில் கேட்டார், கேட்கவே கூச்சப்பட்டபடி. "அண்ணே, எம் பையில?"

"நீ நோன்பு முடிஞ்ச ஒவ்வொரு பெருநாளைக்கும் சொல்லுவ. இந்த வருசம் தொழுதுட்டு வர்ற வழியில என்னைய ஓடையில வீசிட்டுப் போன. அரை மணி நேரங்கழிச்சுத் திரும்ப வந்து தேடுன. தேடும்போது அழுத, சாகுலு."

முத்தழகு கத்தியைத் தீட்டுவதை நிறுத்தினார். அவரும் கேட்டார், அவருக்கும் ஒரு கதை இருந்தது. அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் அந்த ஸ்டூலைச் சுற்றி நிற்க இடமில்லை. பயமில்லாதவன் என்று பேரெடுத்தவனும், செத்தா சாகுறேன் என்று எகத்தாளமாகப் பேசியவனும், நான் ஆசைக்குத்தான் குடிக்கிறேன் நெனச்சா நாளைக்கே விட்டுருவேன் என்று அடித்துச் சொன்னவனும், தனித்தனியாக, யாருக்கும் தெரியாமல், கக்கூஸிலும் வயற்காட்டிலும் ஜீப்பின் பின்சீட்டிலும் 'இன்னைக்கு வேணாம்' என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள்தான் என்பது தெரிய வந்தது. ஒவ்வொருவனும் தான் ஒருத்தன்தான் இப்படிக் கேவலமாகத் தோற்றுப்போகிறவன் என்று நினைத்திருந்தான். "ஏய், நீயுமாடா?" என்று ஒருவரையொருவர் பார்த்துக் கேட்டுக்கொண்டார்கள். அந்தக் கேள்வியில் எவ்வளவு ஆறுதல் இருந்தது என்று, அதைக் கேட்டவர்களைத்தான் கேட்க வேண்டும்.

மறுநாள் ஈஸ்வரி கடையின் அலமாரியைக் காலி செய்து சீப்பும் ரிப்பனும் வளையலும் அடுக்கினாள். யாரும் சொல்லி அவள் செய்யவில்லை. அந்த வாரத்திலிருந்து டீக்கடையில் ஒரு பழக்கம் வந்தது. காலை டீ குடிக்க வருகிறவன் மனசுக்குள் சொல்லாமல் சத்தமாகச் சொல்வான், "இன்னைக்கு வேணாம்" என்று. சாயங்காலம் முடியாமல் போனால் அதையும் சத்தமாகச் சொல்வான். யாரும் சிரிக்க மாட்டார்கள். மலையிலிருந்து இறங்குகிற பெண்கள் முந்தானையில் முடிந்து கொண்டுவந்த ஏலக்காயை ஜீப் ஸ்டாண்டில் பங்கு போடுவார்கள். கை சட்டைப்பைக்குப் போகும்போதெல்லாம் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொள்ளட்டும் என்று. ஊரே ஏலக்காய் மணத்தது. சிலர் விட்டார்கள், சிலர் விட்டுப் பிடித்தார்கள், சிலர் பிடித்து விட்டார்கள். ஒருத்தரையும் ஊர் கைவிடவில்லை.

காசிமாயன் மட்டும் அந்தப் பக்கமே வரவில்லை.

ஒரு நாள் மத்தியானம் ஜீப் கிளம்புகிற நேரத்தில், பாக்கெட்டிலிருந்து வந்தவர் ரோட்டைக் கடந்து வந்து ஜீப்புக்கு முன்னால் நின்றார்.

"மலையப் பாக்கணும். கூட்டிட்டுப் போறியா?"

வீட்டுக்கு வந்த விருந்தாளி கேட்கும்போது இல்லை என்று சொல்ல காசிமாயனுக்கு வாய் வரவில்லை. முன்சீட்டைத் தட்டிவிட்டார். ஜீப் ஏறியது. மூங்கில் காடு வந்தது, நாணல் வந்தது, கீழே ஊர் தீப்பெட்டிகளைக் கொட்டி வைத்ததுபோலச் சின்னதானது. பாதி மலையில் இன்ஜின் கொதித்தது. காசிமாயன் கேனை எடுத்துக்கொண்டு சரிவில் இறங்கி ஊற்றில் தண்ணீர் பிடித்துக்கொண்டு ஏறினார். ஏறும்போது நின்றார். மறுபடி ஏறினார், மறுபடி நின்றார். ரோட்டோரத் தடுப்புச் சுவரில் வந்து உட்கார்ந்தபோது அவருடைய தோள்கள் இரண்டும் மூச்சுக்காகத் தனித்தனியாக ஏறி இறங்கின. மூச்சு திரும்பியதும் கை பைக்குள் போனது, பாதியில் நின்றது.

"எடு. எனக்குப் பழகுனதுதான்."

காசிமாயனுக்கு ஆத்திரம் வந்தது. "என்னையத் திட்டணும்னாத் திட்டிருங்கண்ணே. ஊருல ஒவ்வொருத்தனுக்கும் சொன்னீங்களாம்ல? எனக்கும் சொல்லுங்க. துப்புக்கெட்டவன், கோழைப்பயன்னு சொல்லுங்க. இந்தா, முன்னாலதான் ஒக்காந்துருக்கேன்."

அவர் ஜீப்பிலிருந்து மெதுவாக இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஒம் மக கல்யாணத்து அன்னைக்குச் சொன்ன. பந்தல்காலப் பிடிச்சுக்கிட்டு. ஒங்கப்பன் செத்த அன்னைக்குச் சொன்ன. மழையில ரோடு அடைபட்டு விடிய விடிய இங்கனயே கெடந்தப்பச் சொன்ன. பேரப்புள்ள மொகத்தத் திருப்புச்சே, அன்னைக்கு நீ எல்லார் கூடவும் சிரிச்ச. அப்புறம் மாட்டுக்கொட்டாய்க்குப் போயி என்னைய வெளிய எடுத்து, பிச்சுத் தூளாக்கி, சாணிக்குழியில போட்டு மிதிச்ச. மறுநாள் வேற பாக்கெட்டுல என்னையத் திரும்ப வாங்குன. அதுக்கு அடுத்த நாளும் சொன்ன."

காசிமாயன் பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தன நெஞ்சுல இருந்துருக்கேன், காசி. எம் படத்தப் பாத்தவன் பயந்தான், இல்லன்னா எம்மேல ஸ்டிக்கர ஒட்டி மறைச்சான். பயமுறுத்தத்தான் என்னைய அங்கன ஒட்டிவச்சாங்க, நான் என் வேலையப் பாத்தேன். ஆனா பயந்தவன் அடுத்து என்ன செய்யிறதுன்னு நான் சொன்னதில்ல. எனக்கே தெரியாது. உசுரோட இருந்தப்ப நான் ஒரு தடவகூட 'வேணாம்'னு சொன்னதே இல்லையே. ஒரு தடவகூட. நீ தோத்துத் தோத்துச் சொல்லிக்கிட்டே இருக்க. இத்தன வருசமா. கேட்டுக் கேட்டு எனக்கு ஆச்சரியம் தாங்கல. அதச் சொல்லிட்டுப் போகத்தான் நான் எறங்கி வந்ததே."

இத்தனை வருஷத்தில் யாரும் காசிமாயனை அதற்காகப் பாராட்டியதில்லை. பாராட்டுவதற்கு அதில் ஏதாவது இருக்கும் என்று அவரும் நினைத்ததில்லை. "நாளைக்கும் தோத்துருவேண்ணே" என்றார்.

"தோப்ப. அதுக்குத்தான் ஆளு வச்சிருக்காங்கபோல." அவர் காசிமாயனின் பையிலிருந்து பாக்கெட்டை எடுத்து, தான் இருந்த வெள்ளை இடத்துக்குக் கீழே விரலை வைத்தார். அங்கே, விட நினைப்பவர்கள் அழைக்கலாம் என்று ஒரு இலவச நம்பர் அச்சடித்திருந்தது. "இம்புட்டு வருசமா இதுக்கு மேலதான் இருந்தேன், குனிஞ்சு பாத்ததில்ல. நீயாவது பாரு."

அந்த வளைவில் எதிர்மலை டவரின் சிக்னல் கிடைக்கும். காசிமாயன் போன் செய்தார். ஒரு பெண் எடுத்து, "வணக்கம் ஐயா, சொல்லுங்க" என்றது. மகள் வயசுதான் இருக்கும். பேர் கேட்டது, எப்போதிலிருந்து பழக்கம், காலையில் எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட் என்று கேட்டது. பிறகு, "இதுக்கு முன்னாடி எப்பவாவது விட முயற்சி பண்ணியிருக்கீங்களா ஐயா?" என்று கேட்டது.

காசிமாயன் பக்கத்தில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்தார். நெஞ்சு நிமிர்ந்தது.

"நெறையா தடவம்மா" என்றார்.

அதன் பிறகு வந்த நாட்கள் லேசாக இல்லை. காசிமாயன் எரிந்து விழுந்தார், கஞ்சிச் சட்டியைத் தூக்கி எறிந்தார், கை நடுங்கி ஸ்டீயரிங்கைப் பிடிக்க முடியாமல் வேறு ஆளை ஓட்டச் சொல்லிவிட்டு வீட்டில் படுத்துக்கிடந்தார். போனில் பேசிய அந்தப் பெண் சொன்ன நாளில் தவறாமல் கூப்பிட்டு எப்படி இருக்கிறது என்று கேட்டது. சாகுல் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு தன் நடுக்கத்தை எடுத்துக் காட்டுவார், இருவரும் யார் கை அதிகமாக நடுங்குகிறது என்று பார்ப்பார்கள். மழை பிடித்து, பறிப்பு ஓய்ந்தபோது, காசிமாயன் வாசல் படியில் நிற்காமல் ஏறிவிட்டு, ஏறியது தெரியாமல் உள்ளே போய்த் தட்டைப் போடச் சொன்னார். ஈஸ்வரி பார்த்துக்கொண்டே நின்றாள்.

அந்த மழை ஓய்ந்ததும் பாக்கெட்டிலிருந்து வந்தவர் கிளம்பினார். செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கமிருந்து நெஞ்சுச் சத்தம் கேட்கிறது, ராத்திரியெல்லாம் தூங்க முடியவில்லை என்று ஈஸ்வரியிடம் சொன்னார். ஊரே வழியனுப்ப வந்தது. மேலத்தெருப் பெண்களும் கீழத்தெருப் பெண்களும் சமாதானமாகி, ஒரே தூக்குச்சட்டியில் கஞ்சி கொண்டுவந்தார்கள். முத்தழகு கடைசியாக ஒரு தடவை சவரம் செய்துவிட்டார். மரகதம் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டபோது, பாதங்களில் அந்த ஊர் ரோட்டின் வெடிப்பு விழுந்திருந்ததைப் பார்த்தாள். கேரளாவுக்குக் காய்கறி ஏற்றிப் போகிற லாரியில் ஏறி, டிரைவரின் சட்டைப்பையை ஒரு தடவை பார்த்துக்கொண்டு, அவர் போய்விட்டார். எல்லைக்கு அந்தப் பக்கத்து ஊர்களில் பாக்கெட்டுகள் வெள்ளையாகிக்கொண்டு வருவதாக லாரிக்காரர்கள் அவ்வப்போது செய்தி கொண்டுவந்தார்கள்.

தை பிறந்த பிறகு ஒரு நாள், காசிமாயனின் தங்கை வீட்டுக்காரர் திடீரென்று தவறிப்போனார். சின்ன வயசு. காசிமாயன் சின்னமனூருக்குப் போய்ப் பாடை தூக்கிவிட்டு, மறுநாள் மத்தியானம் திரும்பி வந்தார். வீட்டுக்குப் போகாமல் கடைக்கு முன்னால் வந்து நின்றார். ஈஸ்வரி, மலையிலிருந்து சாமான் வாங்க வந்த ஒரு அம்மாவுக்குச் சர்க்கரை கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஈசு. சுடுகாட்டுல ஒண்ணு குடிச்சிட்டேன்."

ஈஸ்வரியின் கை நின்றது. அவளுக்கு அழுகை வரும்போல இருந்தது. இவ்வளவு நாள் பட்ட பாடெல்லாம் கண்முன்னால் வந்து போனது. ஸ்டூல் காலியாகக் கிடந்தது; அதில் உட்கார்ந்து பதில் சொல்ல யாரும் இல்லை. அவள் பொட்டலத்தைக் கட்டி முடித்து நூலை அறுத்தாள்.

"மோந்து பாத்துக் கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடி நீங்களே வந்து எங்கிட்டச் சொல்றது இதுதான் மொதத் தடவ" என்றாள்.

அவர் தலையைத் தூக்கவில்லை.

"நாளைல இருந்து..." என்று ஆரம்பித்தார்.

"நாளைக்கு என்ன? சூரியன் இன்னும் உச்சிலதான நிக்குது?"

காசிமாயன் அவளைப் பார்த்தார். அவள் கண் நிறைந்திருந்தது, ஆனால் முகத்தில் கோபம் இல்லை. கொண்டை ஊசி வளைவில் எதிரே வண்டி வருகிறதா என்று அவர் பார்ப்பதுபோல, அவள் அவரையே கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப இருந்து வேணாம்" என்றார்.

"கேக்கல."

"இப்ப இருந்து வேணாம்!"

சர்க்கரை வாங்க வந்த அம்மா திடுக்கிட்டுப் பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம், முந்தாநாள் தோற்றுப்போயிருந்த சாகுல், டீயை உயரத் தூக்கி ஆற்றிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் கத்தினார்:

"எனக்கும் வேணாண்ணே!"